இளம் அவுட்ஃபீல்டரை ஆட வைப்பதா, உட்கார வைப்பதா?

பேஸ்பாலின் விதிகள் புதிதாகப் பார்ப்பவருக்கும் பத்து ஆட்டங்களில் பிடிபட்டுவிடும். பிடிபட நாளாவது ரசிகர்களின் வாக்குவாதம்தான். சீசன் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, இருபத்திரண்டு வயதுப் புதுமுகம் ஒருவரின் பெயரைச் சொல்லி ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். தினமும் இறக்குங்கள், ஆட ஆடத்தான் கற்பான் என்பது ஒரு கட்சி. இன்னும் பக்குவம் வரவில்லை, உச்சநிலையான மேஜர் லீகிலிருந்து கீழே மைனர் லீகுக்கு அனுப்புங்கள் என்பது மறு கட்சி. நடுவில் அணியை நடத்தும் மேனேஜர் அவரை வாரத்துக்கு இரண்டு நாள் இறக்கி, மற்ற நாளெல்லாம் பெஞ்சில் வைத்திருப்பார். அதில் இரு கட்சிக்கும் கோபம் வரும்.

இந்த வாக்குவாதத்தை விளங்கிக்கொள்ள நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்: இடம், எண்ணிக்கை, பழக்கம், நாட்காட்டி. இவற்றுள் நாட்காட்டிதான் வெளியில் அதிகம் பேசப்படாமல் உள்ளே அதிகம் வேலை செய்வது. என் கட்சி எது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். இளம் அவுட்ஃபீல்டருக்கு மேஜர் லீக் பெஞ்சைவிட மோசமான இடம் கிடையாது. ஆட வையுங்கள், இல்லையென்றால் தினமும் ஆடக்கூடிய இடத்துக்கு அனுப்புங்கள்.

மூன்று இடத்துக்கு ஐந்து பேர்

களத்தில் ஒன்பது பேர். பந்தை எறியும் பிட்சர், அதைப் பிடிக்கும் கேட்சர், பேஸ்களைச் சுற்றி நிற்கும் நான்கு இன்ஃபீல்டர்கள் போக, புல்வெளியின் தூரத்தில் நிற்கும் மூவர் அவுட்ஃபீல்டர்கள்: லெஃப்ட், சென்டர், ரைட். சண்டை ஏன் பெரும்பாலும் இந்த மூவரைச் சுற்றியே நடக்கிறது?

இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்திலோ கேட்சர் இடத்திலோ யாரை வேண்டுமானாலும் நிறுத்திவிட முடியாது. அவுட்ஃபீல்டின் இரண்டு ஓரங்கள் அப்படியல்ல. முழங்கால் தளர்ந்த மூத்த வீரர் லெஃப்டுக்கு வருவார். உள்ளே இடம் கிடைக்காத இன்ஃபீல்டரும் அங்கேதான் வருவார். மூக்கி பெட்ஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸின் மைனர் லீகில் செகண்ட் பேஸ்மேனாக வளர்ந்தவர். மேலே அந்த இடத்தில் டஸ்டின் பெட்ரோயா அசையாமல் இருந்ததால், 2014இல் அவரை அவுட்ஃபீல்டுக்கு மாற்றினார்கள். ஆக, மூன்று இடத்துக்கு எப்போதும் நான்கைந்து பேர் காத்திருப்பார்கள்.

அணியின் பட்டியலில் 26 பேர். அதில் பிட்சர்கள் 13 பேர் வரை இருக்கலாம், அணிகள் அந்த 13ஐயும் நிரப்பிவிடுகின்றன. மீதி 13 பேரில், பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் வருபவரையும் சேர்த்து, ஒன்பது பேர் அன்றைய பேட்டிங் வரிசையில் இருப்பார்கள். பெஞ்சில் எஞ்சுவது நால்வர். ஒருவர் மாற்றுக் கேட்சர், ஒருவராவது இன்ஃபீல்டர். நான்காவது அவுட்ஃபீல்டர் என்று ஒருவருக்கு இடம் மிஞ்சும். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் பிரச்சினையே.

கிரிக்கெட்டில் ஒரு தொடருக்கு அணியை அறிவித்துவிட்டால் அதை வைத்து ஒரு மாதம் பேசலாம். பேஸ்பாலில் ஆறு மாதத்துக்குள் 162 ஆட்டம். ஏறக்குறைய தினமும் ஆட்டம், தினமும் மேனேஜர் புதிதாக ஒன்பது பெயர் எழுதுகிறார். வாக்குவாதம் ஓயாததற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு ஏப்ரலும் மூன்று வருடமும்

ஜாக்கி பிராட்லி ஜூனியரின் கதையைவிட நல்ல பாடம் இதற்குக் கிடைப்பது அரிது. அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2011இல் ரெட் சாக்ஸ் எடுத்த சென்டர் ஃபீல்டர், இடது கை பேட்டர். 2013 மார்ச்சில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் .419 சராசரியோடு அடித்து நொறுக்கினார். மைனர் லீகின் மேல்படியான டிரிபிள்-ஏயில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இருந்தும் ஏப்ரல் 1 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் முதல் ஆட்டத்திலேயே லெஃப்ட் ஃபீல்டில் இறக்கிவிட்டார்கள். அன்று அவருக்கு ஹிட், அதாவது பந்தை அடித்துப் பேஸைப் பிடிப்பது, எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மோசமான பந்துகள் நான்கைத் தொடாமல் விட்டு முதல் பேஸை இலவசமாகப் பெறும் வாக்கை மூன்று முறை வாங்கினார், நல்ல கேட்ச் ஒன்றும் பிடித்தார். பாஸ்டன் வென்றது. ஊர் கொண்டாடியது.

அடுத்த இரண்டு வாரத்தில் எல்லாம் தலைகீழானது. 31 வாய்ப்பில் 3 ஹிட். கீழே அனுப்பினார்கள். அந்த வருடம் மேலும் கீழுமாக அலைந்து 37 ஆட்டத்தில் .189.

புதிதாகப் படிப்பவருக்காக: ஹிட்களின் எண்ணிக்கையை அதிகாரப்பூர்வ வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது பேட்டிங் சராசரி. வாக் அந்தக் கணக்கில் சேராது. நான்குக்கு ஒன்று, அதாவது .250, இன்றைய மேஜர் லீகில் நடுத்தரம். .300 மிக நன்று. .200க்குக் கீழே போனால் வேலைக்கே ஆபத்து.

2013இல் ரெட் சாக்ஸ் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது. சென்டர் ஃபீல்டர் ஜக்கோபி எல்ஸ்பரி ஏழு வருடத்துக்கு 153 மில்லியன் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்குப் போய்விட்டார். இடம் காலி. பிராட்லிக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, பல காயங்களிலிருந்து மீண்டு வந்த மூத்த வீரர் கிரேடி சைஸ்மோர் 2014 முதல் ஆட்டத்தில் சென்டரில் நின்றார். பிராட்லிக்கு இடம் கிடைத்தது ஷேன் விக்டோரினோ காயமடைந்த பிறகுதான். அதன்பின் வாய்ப்புக்குக் குறைவில்லை: 127 ஆட்டம். சராசரி .198. பந்தைச் சுவருக்கு அப்பால் அடிக்கும் ஹோம் ரன் ஒன்றே ஒன்று.

இவ்வளவு மோசமாக அடித்தவரை ஏன் 127 ஆட்டம் ஆட வைத்தார்கள்? இரண்டு காரணம். அணி அந்த வருடம் 71 வெற்றி, 91 தோல்வி என்று கடைசியில் கிடந்தது. தோற்கும் அணிக்குப் பொறுமை மலிவு. 2013இல் பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த அதே அணியால் இரண்டரை வாரத்துக்கு மேல் காத்திருக்க முடியவில்லை. "பையனை வளர்க்க வேண்டும்" என்பது எந்த அணிக்கும் எப்போதும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

இரண்டாவது காரணம் அவரது கால்கள். ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் லெஃப்டில் 11 மீட்டர் உயரச் சுவர், சென்டரும் ரைட்டும் சேரும் மூலையில் 420 அடி தூரத்துக்கு ஓடும் ஒரு முக்கோணம். அங்கே சென்டர் ஃபீல்டர் பந்து பேட்டில் பட்ட கணத்திலேயே முதல் அடியைச் சரியான திசையில் வைக்க வேண்டும். ஒரு அடி பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஓடினால், பிடிக்க வேண்டிய பந்து இரண்டு பேஸ் அடியாகிவிடும். பிராட்லிக்கு அந்த முதல் அடி பிறவியிலேயே வந்தது போலிருக்கும். 2019 மே மாதம் பால்டிமோரில், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலையில் இருந்த ஆட்டத்தின் 11வது இன்னிங்ஸில், டிரே மான்சீனி அடித்த பந்து சுவரைத் தாண்டப் போனது. பிராட்லி சுவரில் காலை ஊன்றி எழும்பி, விளிம்புக்கு மேலே கையை நீட்டி அதைப் பறித்தார். அடுத்த இன்னிங்ஸில் பாஸ்டன் 2-1 என்று வென்றது. பேட்டால் ஒரு ரன் சேர்ப்பதும் கையுறையால் ஒரு ரன்னைத் தடுப்பதும் ஸ்கோர்போர்டுக்கு ஒன்றுதான். இளம் அவுட்ஃபீல்டரைப் பற்றிய பேச்சில் இந்தப் பாதி அடிக்கடி விட்டுப்போகிறது. அடிக்காவிட்டாலும் தடுப்பவருக்கு அடிக்கக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். அடிக்கவும் தடுக்கவும் வராதவருக்கு அது கிடைப்பது கடினம்.

ஆனாலும் 2014 ஆகஸ்டில் பிராட்லியைக் கீழே அனுப்பினார்கள். அதே நாளில் மேலே வந்தவர் மூக்கி பெட்ஸ். ஆட்ட நேரம் என்பது புதிதாக உண்டாக்கக்கூடிய சரக்கில்லை. ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவரிடமிருந்து எடுப்பதே.

முப்பது வாய்ப்பு எதையும் சொல்லாது

31க்கு 3 என்றதும் "இவனுக்கு மேஜர் லீக் ஒத்துவராது" என்று தீர்ப்பெழுதத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போடலாம்.

உண்மையிலேயே .250 அடிக்கக்கூடிய ஒரு பேட்டருக்கு 31 வாய்ப்பில் ஏழெட்டு ஹிட் கிடைக்க வேண்டும். வெறும் துரதிருஷ்டத்தால் மூன்றோ அதற்குக் கீழோ நின்றுவிட நூற்றில் மூன்று தடவை சாத்தியம். அரிதுதான். ஆனால் மேஜர் லீகில் 30 அணிகள், அணிக்கு ஒன்பது பேட்டர்கள், மொத்தம் 270 பேர். எல்லோரும் நடுத்தரமானவர்களே என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏழெட்டுப் பேருக்கு இது நடந்தே தீரும். அந்த ஏழெட்டில் பத்து வருட அனுபவசாலி இருந்தால் "மெதுவாகத்தான் தொடங்குவார்" என்று சொல்லிக் கடந்துவிடுவோம். புதுமுகமாக இருந்தால் கீழே அனுப்பச் சொல்வோம்.

வாய்ப்பு நூறானாலும் தெளிவு பெரிதாக வந்துவிடாது. .260 அடிக்கக்கூடியவர் நூறு வாய்ப்பில் 26 ஹிட் எடுக்க வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அந்த எண்ணிக்கை ஐந்தோ அதற்கு மேலோ இப்படி அப்படித் தள்ளிப்போகும். 21 ஹிட் என்றால் .210, செய்தியாளர்கள் மேனேஜரைத் துளைப்பார்கள். 31 ஹிட் என்றால் .310, அடுத்த நட்சத்திரம் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே ஆள். பயிற்சி ஆட்டங்களில் வந்த அந்த .419ஐயும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அதுவும் அறுபது சொச்சம் வாய்ப்புதான். மார்ச் மாத எண்ணை நம்பியவர்களே ஏப்ரல் மாத எண்ணைக் கண்டு பயந்தார்கள்.

அப்படியானால் சீக்கிரம் எதைப் பார்க்கலாம்? ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக் விழுந்து வெளியேறுவது) எவ்வளவு, வாக் எவ்வளவு என்பவை ஹிட் சராசரியைவிட வெகு சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். அடித்த பந்து எந்த வேகத்தில் பேட்டை விட்டுப் போகிறது என்பது இப்போது ஒவ்வொரு மைதானத்திலும் அளக்கப்படுகிறது. வேகமாக அடித்தும் நேராக எதிரணியின் கைக்கே போகிறதென்றால் காத்திருக்கலாம். வெளியே விலகிப் போகும் பந்தைத் துரத்தித் துரத்திக் காற்றை வீசுகிறார் என்றால் அது வேறு நோய்.

1951இல் இந்த அளவைகள் எதுவும் இல்லை. அந்த மே மாதம் நியூயார்க் ஜயன்ட்ஸ் தன் மைனர் லீக் அணியான மினியாபோலிஸிலிருந்து இருபது வயது வில்லி மேஸை அழைத்தது. அங்கே 35 ஆட்டத்தில் .477 அடித்துக்கொண்டிருந்தவர். இங்கே முதல் 12 வாய்ப்பில் ஒன்றுமில்லை. அடுத்து வாரன் ஸ்பான் வீசிய பந்தில் ஒரு ஹோம் ரன். மறுபடி வறட்சி. 26க்கு 1. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுத மேஸ், என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றார். மேனேஜர் லியோ டுரோச்சர், தான் மேனேஜராக இருக்கும்வரை அவர்தான் சென்டர் ஃபீல்டர் என்று சொல்லி மறுநாளும் இறக்கினார். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் மேஸ். அணி மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் பட்டத்தை வென்றது. டுரோச்சர் அன்று பார்த்தது 26 வாய்ப்பை அல்ல. அந்தப் பையன் ஓடுவதையும் எறிவதையும் பேட்டைச் சுழற்றுவதையும் பார்த்தார்.

இந்தக் கதையைச் சொல்லி எல்லாப் புதுமுகத்துக்கும் பொறுமை கேட்பவர்கள் உண்டு. மேஸ் போல இன்னொருவர் வருவதில்லை என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெஞ்சில் உட்காருபவருக்கு என்ன ஆகிறது

வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு நாள் ஆடும் இருபத்திரண்டு வயதுக்காரரின் ஒரு மாலையை எண்ணிப் பாருங்கள். நான்கு நாளாக ஆட்டத்தில் பந்தைத் தொடவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் மேனேஜர் கை காட்டுகிறார். பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் வலைக்கூண்டில் போய்ப் பத்துப் பதினைந்து பந்தை அவசரமாக அடித்துவிட்டு வந்து நிற்கிறார். எதிரே அன்று முழுக்க ஓய்வெடுத்து, ஒரே இன்னிங்ஸுக்காக மட்டும் வந்த பிட்சர். மணிக்கு 98 மைல் வேகம். பந்து கையை விட்டு, பேட்டர் நிற்கும் பிளேட்டுக்கு வர 0.4 விநாடி. நான்கு பந்தில் முடிந்தது. அந்த வாரத்தில் அவர் கற்றுக்கொண்டது அந்த நான்கு பந்து மட்டும்.

டிரிபிள்-ஏயில் வாரத்துக்கு ஆறு ஆட்டம். தினமும் இறங்குபவருக்கு 25 முறை பேட் பிடிக்கக் கிடைக்கும். நேற்று எந்தப் பந்தில் ஏமாந்தாரோ அதை இன்று முதல் இன்னிங்ஸிலேயே எதிர்பார்க்கலாம், மூன்றாவது முறை இறங்கும்போது சரிசெய்துகொள்ளலாம். அடிப்பது கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை, விட்டால் மறந்துபோகும். மூத்தவர் நான்கு நாள் உட்கார்ந்தாலும் பல ஆயிரம் வாய்ப்புகளின் நினைவு உடம்பில் இருக்கும். இளையவரிடம் அந்தச் சேமிப்பு இல்லை. அதனால்தான் நான்காவது அவுட்ஃபீல்டர் நாற்காலி முப்பதைத் தாண்டியவருக்குப் பொருந்துகிறது. தடுப்பாட்டத்துக்குக் கடைசி இன்னிங்ஸில் இறங்குவது, மெதுவாக ஓடுபவருக்குப் பதிலாக பேஸில் நிற்பது, ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டத்தில் முன்னணி வீரருக்கு ஓய்வு கொடுப்பது எல்லாம் அவர் வேலை.

பெஞ்சுக்கும் முழு ஆட்டத்துக்கும் நடுவே பாதி வழி ஒன்று உண்டு. அதன் பெயர் பிளாட்டூன். இடது கை பேட்டருக்கு வலது கை பிட்சரின் வளைபந்து உள்ளே வருவதால் பார்க்க எளிது. இடது கை பிட்சர் எறிந்தால் பந்து முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி வெளியே விலகிப் போகும். ஆகவே இடது கை பிட்சர் வரும் நாளில் இடது கைப் பையனை உட்கார வைத்து வலது கைக்காரர் ஒருவரை இறக்குவார்கள். பிட்சர்களில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள். அதனால் இந்தப் பங்கீட்டில் இடது கைப் பையனுக்கு வாரத்துக்கு நான்கைந்து ஆட்டமாவது கிடைக்கும். இன்றைய ஆட்டத்தை வெல்ல இது நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இருபத்திரண்டு வயதில் இதைப் பழக்கிவிட்டால், இடது கை பிட்சரை எதிர்கொள்ள அவர் எப்போது கற்பார்? நியூயார்க் மெட்ஸின் மைக்கேல் கன்ஃபோர்டோ 2015 உலகத் தொடரில் ஒரே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்த இடது கைப் புதுமுகம். 2016இல் இடது கை பிட்சர் வந்தாலே அவரைப் பெரும்பாலும் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு சரிவு, லாஸ் வேகஸில் இருந்த மைனர் லீக் அணிக்குப் போய்வந்தார், வருட முடிவில் .220. 2017 தொடக்கத்திலும் மற்றவர்கள் காயமடைந்ததால்தான் வழி திறந்தது. அந்த வருடமே சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். சரிவுக்குப் பிளாட்டூன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பார்க்காத பந்தை யாரும் அடிக்கக் கற்றதில்லை.

172 நாள்

இனி நாட்காட்டி. மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் அது ஒரு முழு வருடச் சேவை. சீசன் ஏறக்குறைய 187 நாள். ஆறு வருடச் சேவை முடித்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். அதுவரை தன்னை எடுத்த அணிக்கே கட்டுப்பட்டவர். முதல் மூன்று வருடம் பெரும்பாலோருக்குக் குறைந்தபட்ச ஊதியம் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் குறைந்தபட்சம் 2025இல் 7,60,000 டாலர். எல்ஸ்பரிக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும்.

தந்திரம் இங்கேதான். ஒரு இளைஞரைச் சீசன் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் மைனர் லீகில் நிறுத்தி வைத்தால் அந்த வருடம் 172 நாள் சேராது. ஆறு வருடம் ஏழாகிவிடும். 2013இல் பிராட்லியை முதல் நாளிலேயே இறக்கலாமா என்று பாஸ்டனில் எழுந்த வாதத்தின் கரு இதுதான். அப்போதைய சீசன் கணக்குக்கு 12 நாள் தாமதித்தாலே ஒரு வருடம் மிச்சம். அணி அந்தக் கணக்கைப் பார்க்காமல் இறக்கியது, அது நேர்மையான முடிவு. பிறகு அவர் அடிக்காமல் கீழே போனபோது கடிகாரம் தானாகவே பின்னுக்குப் போனது. 2013 முழுக்க மேலேயே இருந்திருந்தால் 2018 முடிவில் விடுதலை. நடந்ததோ 2020 முடிவில்.

இதைப் பொதுவெளியில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "தடுப்பாட்டம் இன்னும் தேற வேண்டும்" என்று ஒரு காரணம் சொல்வார்கள். 2021 பிப்ரவரியில் சியாட்டில் மெரினர்ஸின் தலைவர் கெவின் மேதர் ஒரு ரோட்டரி கிளப் காணொளிச் சந்திப்பில் உள்ளதைப் பேசிவிட்டார். இளம் அவுட்ஃபீல்டர் ஜாரெட் கெலெனிக் நீண்டகால ஒப்பந்தத்தை மறுத்ததையும், அவர் சீசனை மேலே தொடங்கப்போவதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். காணொளி பரவியது, மேதர் பதவி விலகினார். கெலெனிக் மே மாதம் மேலே வந்தார். 23 ஆட்டத்தில் .096, கடைசி 39 வாய்ப்பில் ஒரு ஹிட்கூட இல்லை. திரும்பக் கீழே போனார்.

2022 ஒப்பந்தத்தில் வீரர் சங்கமும் அணிகளும் இதற்கு ஒரு மருந்து சேர்த்தார்கள். பெயர்பெற்ற இளம் வீரரை ஆரம்பத்திலிருந்தே மேலே வைத்திருந்து, அவர் சிறந்த புதுமுகம் விருதை வென்றால், அணிக்கு டிராஃப்டில் கூடுதலாக ஒரு தேர்வு. அந்த விருதின் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருபவர் தாமதமாக மேலே வந்திருந்தாலும் முழு வருடச் சேவை பெறுவார். அதே மெரினர்ஸ் அதே வருடம் 21 வயது ஹூலியோ ரோட்ரிகேஸை முதல் நாளே சென்டரில் நிறுத்தியது. ஏப்ரல் முழுக்க ஒரு ஹோம் ரன் இல்லை. நடுவர்கள் தப்பான ஸ்டிரைக் கொடுத்து அவரைத் திரும்பத் திரும்ப வெளியேற்றினார்கள். அணி அவரை நகர்த்தவில்லை. மே 1 அன்று மயாமியில் சாண்டி அல்காந்தாரா வீசிய பந்தில் முதல் ஹோம் ரன். வருட முடிவில் 28. சிறந்த புதுமுகம் விருது அவருக்கு, டிராஃப்ட் தேர்வு அணிக்கு.

இன்னொரு விதி ஆப்ஷன். ஒரு இளம் வீரரை மூன்று வருடங்கள் வரை அவர் சம்மதம் கேட்காமலே மைனர் லீகுக்கு அனுப்பி அழைத்துக்கொள்ளலாம். அது தீர்ந்துபோனவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் மற்ற அணிகளுக்கு முதலில் காட்ட வேண்டும், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடலாம். அதனால்தான் நன்றாக அடிக்கும் பையன் கீழே போக, சுமாராக ஆடும் முப்பது வயதுக்காரர் மேலே இருப்பார். ரசிகர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். அலுவலகத்தில் இருப்பவருக்கு இருவரையும் கையில் வைத்துக்கொள்ளும் வழி.

தாமதத்தின் விலை

அவசரப்பட்டு இறக்கியவர்களின் கதை நிறைய இருப்பதால் காத்திருப்பது எப்போதும் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. மைக் டிரௌட் 2011 ஜூலையில் 19 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸுக்காக இறங்கினார். 40 ஆட்டம், .220. அடுத்த வருடம் அவுட்ஃபீல்டில் டோரி ஹன்டர், வெர்னான் வெல்ஸ், பீட்டர் போர்ஜோஸ், பாபி அப்ரேயு என்று ஆட்கள் நிறைந்திருந்தார்கள். டிரௌட்டை யூட்டாவிலுள்ள மைனர் லீக் அணியான சால்ட் லேக்கில் விட்டார்கள். அங்கே 20 ஆட்டத்தில் .403 அடித்தார். மேலே அணி 6 வெற்றி, 14 தோல்வி. ஏப்ரல் கடைசியில் அப்ரேயுவை விடுவித்துவிட்டு டிரௌட்டை அழைத்தார்கள்.

.326, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு. வாக்களித்த எல்லோரும் ஒருமனதாகச் சிறந்த புதுமுகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வந்த பிறகு அணி 83 வென்று 59 தோற்றது. மொத்தம் 89 வெற்றி. அடுத்த சுற்றுக்குள் கடைசியாக நுழைந்த அணிகளுக்கு 93. நான்கு வெற்றி குறைவால் ஏஞ்சல்ஸ் வீட்டில் உட்கார்ந்தது. ஏப்ரலில் அவர் இருந்திருந்தால் நான்கும் கிடைத்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த 20 ஆட்டத்தில் அணியின் மிகச் சிறந்த அவுட்ஃபீல்டர் யூட்டாவில் இருந்தார்.

பிராட்லிக்குத் திரும்பினால், 2015 ஆகஸ்டில்தான் அவருடைய பேட் பேசியது. சியாட்டிலுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மூன்று டபுள் (இரண்டு பேஸ் அடி), இரண்டு ஹோம் ரன், ஏழு ரன் சேர்த்தார். பாஸ்டன் 22-10. 2016இல் தொடர்ந்து 29 ஆட்டங்களில் ஹிட், 26 ஹோம் ரன், ஆல்-ஸ்டார். 2018இல் மற்றொரு பிரிவான அமெரிக்கன் லீகின் இறுதித் தொடரில் அவருக்குக் கிடைத்தது மூன்றே ஹிட், அதில் சேர்ந்தது ஒன்பது ரன். தொடர் நாயகன் விருதும் தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருதும் அந்த வருடம் அவருக்கு, உலகத் தொடர் அணிக்கு. அவருக்குப் பக்கத்தில் ரைட்டில் நின்றவர், அந்த வருடம் அமெரிக்கன் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கிய மூக்கி பெட்ஸ்.

அவர் ஒருநாளும் நிலையான பேட்டராக மாறிவிடவில்லை. இரண்டு வாரம் எரிவார், மூன்று வாரம் அணைந்திருப்பார். 2021இல் மில்வாக்கிக்குப் போய் 134 ஆட்டத்தில் .163. அப்போது வயது 31. 24 வயதில் .198 அடித்தபோது அவருக்கு வாய்ப்பு கொடுங்கள் என்று வாதாடியதற்கு அர்த்தம் இருந்தது. பேட்டர்கள் பொதுவாக உச்சத்தைத் தொடுவது 26க்கும் 29க்கும் நடுவில், அவருக்கு அந்த வருடங்கள் இன்னும் வரவில்லை. 31இல் அதே வாதத்தை வைக்க முடியாது. அடுத்த முறை புதுமுகம் ஒருவரின் ஏப்ரல் சராசரியைப் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் வயதையும், எத்தனை வாக் வாங்கியிருக்கிறார் என்பதையும், இடது கை பிட்சர்கள் வந்த நாட்களில் அவர் பெயர் வரிசையில் இருந்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு எந்தக் கட்சியில் சேருவது என்று முடிவு செய்துகொள்ளலாம்.